மஞ்சள் வைத்த இருபத்துநாலு கூப்பன்கள்

போன வாரம் அடையாறில் ஒரு பெரிய கடையில், பில் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கைப்பேசி, கைப்பேசியில் ஒரு கூப்பன். அதை நான் கேட்கவில்லை, அவர்களாகவே அனுப்பினார்கள், அதுவும் காலை ஆறு மணிக்கு. பில் போடும் பெண் எண்ணைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிறகு மிக இனிமையாக, "சிஸ்டம் எடுக்கல மேம்" என்றாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அதே இனிமையோடு அதையே திரும்பச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். எழுபதைத் தாண்டிய கிழவி இந்தச் சில்லறைத் தள்ளுபடிக்கு மல்லுக்கு நிற்கிறாளே என்று அந்தப் பெருமூச்சுக்கு அர்த்தம். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் காது மடல் சூடாகிவிட்டது. வாசலில் யாரோ தேயிலைக் கம்பெனிக்காரர்கள் சின்னக் காகிதக் கோப்பையில் இலவசமாக டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூடான காதும் டீ வாசனையும் ஒன்றாகச் சேர்ந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. தி. நகரில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பாத்திரக் கடையின் படியில் போய் நிற்பேன். ஐம்பது வருஷமாக அங்கேதான் அவ்வப்போது போய் நிற்கிறேன், கோபம் இன்னும் தீரவில்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்காருபவர். நான் அடையாறில் ஒரு கம்பெனியில் புது டைப்பிஸ்ட். அம்மா வீட்டில் இருந்தாள். அம்மாவின் பெயர் விசாலம். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. அப்பா கூப்பிடுவது "இவளே". அத்தைகளுக்கு மன்னி. தெருவுக்கு மாமி. எனக்கு அம்மா. விசாலம் என்று ஒருத்தி இருந்தது தபால்காரருக்கு மட்டும் தெரியும், அவருக்கும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் அளவுக்குத்தான்.

அந்தக் காலத்துப் பாத்திரங்களை நீங்கள் பார்த்திருந்தால் நினைவிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர். எங்கள் வீட்டு அண்டாவில் தாத்தாவின் பெயர். அடுக்குகளில் அத்தையின் மாமனார் பெயர். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் அவளுடைய அப்பாவின் பெயர். காபி டம்ளர்களில் யாரென்றே தெரியாத ஒரு 'டி.எஸ்.ஆர்.' இருந்தார், எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் டம்ளரில்தான் குடித்து வளர்ந்தோம். இருபத்திரண்டு வருஷமாக இத்தனை பேரையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தவளின் பெயர் ஒரு ஸ்பூனில்கூட இல்லை. நானும் அதைக் கவனித்ததில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒருநாள், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஏழுமலை, இஸ்திரி போட்ட புடவைக்குள் ஒரு காகிதத்தை மடித்துவைத்துக் கொடுத்துவிட்டார். புடவை மடிப்புக் கலையாமல் இருக்க அவர் கைக்குக் கிடைத்த காகிதத்தை வைப்பது வழக்கம். அன்று கிடைத்தது ஒரு தேயிலைக் கம்பெனியின் நோட்டீஸ். இருபத்துநாலு பாக்கெட் தேயிலை வாங்கி, உள்ளே இருக்கும் கூப்பன்களைச் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் பெயர் பொறித்த நான்கடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் இலவசம். அம்மா அதை அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "உங்கள் பெயர்னு போட்டிருக்கானே, அது யாராத்துப் பேரு?" என்று கேட்டாள். யார் கூப்பன் கொண்டுபோகிறார்களோ அவர்கள் பெயர்தான் என்றேன். "அப்படின்னா நான் போனா என் பேரா?" என்றாள். ஆமாம் என்றேன். இவ்வளவுதான் நடந்தது. மறுநாள் எங்கள் வீட்டில் காபி நின்றுவிட்டது.

மயிலாப்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று காபியை விட்டு டீக்கு மாறுவது அன்று சாதாரண விஷயம் இல்லை. மதம் மாறினால்கூட அக்கம்பக்கத்தில் அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பித்தளை ஃபில்டரைக் கழுவித் துடைத்து, பரணில் கவிழ்த்துவைத்தாள் அம்மா. அப்பாவுக்கு உலகமே கவிழ்ந்துவிட்டது. முதல் வாரம் டீயைக் கஷாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து சாயங்காலம் அரைமணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார், வாய் நிறைய வெற்றிலையோடு. குளத்தங்கரைப் பக்கம் ஏதோ ஹோட்டலில் டிகிரி காபி குடித்துவிட்டு, வாசனை தெரியாமலிருக்க வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறார் என்பது அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வீட்டில் காபி வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார் என்ற பயம்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. கூப்பன்களை அம்மா ஒரு கண்ணாடி சீசாவில் போட்டு, சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தாள். நெல்லிக்காய் ஊறுகாயைப் பார்ப்பதுபோல் தினம் ஒருதடவை எடுத்துப் பார்ப்பாள். ஏழுமலைக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்தார். "இன்னா மாமி, நம்ம வூட்ல அத்த கிழிச்சி அடுப்புல போட்டுக்கினு கீறாங்க. முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றவர், மறுநாள் மூன்று கூப்பனைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு நேராக்கிக் கொண்டுவந்து தந்தார். அவற்றோடு சேர்ந்து இருபத்துநாலு முடிந்தது.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். தப்பு என்று அந்தப் பாத்திரக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பலகை போட்டு, சுவாமி முன்னால் கூப்பன்களைப் பரப்பி, மஞ்சள் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மோதிரவிரலால் தொட்டுவைத்தாள். புதுத் துணிக்கு வைப்போம், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போம், நல்ல சேதி வரும் கவருக்கு வைப்போம். நல்ல காரியத்துக்குப் போகும் காகிதம் வெறுமனே போகலாமா? நானும் பக்கத்தில் மஞ்சள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள், ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பவள், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள். நேரே பஸ் ஏறி தி. நகர் போனேன். கூப்பனை எவர்சில்வராக மாற்றிக்கொடுக்க கம்பெனி நியமித்திருந்த கடை அது. தெற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடத்தியது. முதலாளிகள் எப்போதும் உள்ளே கணக்கிலோ சாப்பாட்டிலோ இருப்பார்கள். கூப்பன் விவகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி, அதில் வேர்வை ஓடி ஓடி நடுப்பட்டை மட்டும் கலைந்திருக்கும். பெயர் தெரியாததால் வீட்டில் 'பட்டை' என்றே சொல்லிவந்தோம். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் நான்கடுக்குக் கேரியர்கள் வரிசையாக நின்றன. பட்டை என்னைப் பார்க்கவில்லை, கூப்பன்கள் இருந்த கவரைத் தொடக்கூட இல்லை. ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். பின்னால் இருப்பது என்ன என்று கேட்டேன். அது விற்பனைக்கு என்றார். அதன் அடியில் தேயிலைக் கம்பெனியின் முத்திரை தலைகீழாகத் தெரிந்துகொண்டிருந்தது. அதையும் சுட்டிக்காட்டினேன். அவர் ஒரு துணியை எடுத்து முத்திரை இருந்த பக்கத்தை அந்தப் பக்கம் திருப்பித் துடைத்தார்.

இந்த ரக மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. கவுன்டர் என்று ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டால் போதும். நேற்றுவரை நம்மோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த ஆள் இன்றைக்குச் சக்கரவர்த்தி. ரேஷன் கடையில் பார்த்திருக்கிறேன், தபாலாபீஸில் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்திலும் பார்த்திருக்கிறேன். "செல்லாது" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் திருப்தி, சம்பளம் வாங்கும்போதுகூட வராது. கொடுப்பது அவர்கள் சொந்தச் சொத்தும் இல்லை, கொடுக்காவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை. கொடுக்காமல் இருப்பதே அவர்களுக்குச் சாப்பாடு.

இரண்டாவது சனிக்கிழமை போனேன். ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். ஸ்டாம்ப் எங்கே என்றேன். அவரோடு போயிருக்கிறது என்றார். ரப்பர் ஸ்டாம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற மனிதரை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் இல்லை. அன்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கம்பெனிக் காகிதத்திலேயே, தேயிலைக் கம்பெனிக்கு ஒரு கடிதம் அடித்தேன். மிகவும் மனம் நொந்து தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்ற அர்த்தத்தில், எனக்குத் தெரிந்த பெரிய பெரிய ஆங்கில வார்த்தைகளையெல்லாம் இறக்கியிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கம்பெனி முதலாளியே மந்தைவெளிக்கு வருவார் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. அச்சடித்த கார்டு. தங்கள் கடிதம் கிடைத்தது, தாங்கள் உடனே எங்கள் விநியோகஸ்தரை அணுகவும், அவரிடம் போதிய இருப்பு உள்ளது. கீழே பட்டையின் கடை விலாசம். ஆனாலும் 'போதிய இருப்பு' என்று எழுத்தில் இருந்ததே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. மூன்றாவது சனிக்கிழமை கார்டும் கையுமாகப் புறப்பட்டேன். அன்று அம்மாவும் வந்தாள்.

அரக்குப் புடவை உடுத்திக்கொண்டாள். தினசரி நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம், பென்சிலால், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெயர் வெட்டுகிறவருக்குக் காட்ட வேண்டுமாம். நாம் வாயால் சொன்னால் அவன் வேறு எதையாவது வெட்டிவிடுவான் என்றாள். பஸ்ஸில் அதை இரண்டு தடவை தொட்டுப்பார்த்துக்கொண்டாள்.

கடைப்படியில்தான் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பாத்திரம், கையில் சின்ன உளி, சின்னச் சுத்தி. டிக் டிக் டிக் என்று யாராவது ஒருவர் பெயர் விழுந்துகொண்டே இருக்கும். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கார்டைப் படித்த பட்டையின் முகம் மாறியது. இப்போது ஸ்டாக் இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டாம்ப்காரரும் அன்று பார்த்து எதிரிலேயே உட்கார்ந்து பீடா மென்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பட்டை முதல் தடவையாகக் கூப்பன்களைக் கையில் எடுத்தார். எண்ணினார். திருப்பி எண்ணினார். ஒன்றை மட்டும் உருவி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது என்னம்மா கறை?" என்றார்.

"மஞ்சள்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"கறை பட்ட கூப்பன் செல்லாது."

கூப்பனைத் திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்த நிபந்தனையை உரக்கப் படித்தேன். ஒரே ஒரு நிபந்தனைதான்: கிழிந்த கூப்பன் ஏற்கப்பட மாட்டாது. கறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றேன். அவர் அசரவில்லை. கிழிந்தாலே செல்லாது என்றால் கறை பட்டால் எப்படிச் செல்லும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்த மாதிரி மூளைக்கு முன்னால் என்ன செய்ய முடியும்? அப்போதுதான் அவர் முழங்கைக்குக் கீழே இருந்த கல்லாப்பெட்டி கண்ணில் பட்டது. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

"ஒங்க கல்லாப்பெட்டி நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்கே, அதுவும் கறைதானா?" என்றேன்.

கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பட்டை கல்லாப்பெட்டியை ஒருமுறை குனிந்து பார்த்தார். கொஞ்சம்கூட வெட்கம் இல்லாமல், சின்னக் குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல் சொன்னார்.

"அது லட்சுமிம்மா. இது காகிதம்."

சொல்லிவிட்டுக் கூப்பன்களைப் பலகைமேல் எங்கள் பக்கமாகத் தள்ளினார். இரண்டு கீழே விழுந்தன. அம்மா குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, மற்றவற்றோடு சேர்த்தாள். நான் இன்னும் பேச வாயெடுத்தேன். முதலாளியைக் கூப்பிடுங்கள் என்று கத்துவதற்குத் தயாராகவே இருந்தேன். "போறும், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் இருந்தவர், நாங்கள் ஏதோ வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று நினைத்து, உளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பேரு வெட்டணுமாம்மா?"

"இல்லப்பா, ஒண்ணும் வாங்கலை" என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தேனாம்பேட்டை தாண்டும்வரை கூப்பன் கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "மஞ்சள் வெக்காம இருந்திருக்கணும். என் மேலதான் தப்பு" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உன் மேல் என்ன தப்பு என்று சத்தம் போட்டேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மந்தைவெளியில் இறங்கியதும், கையிலிருந்த பஸ் டிக்கெட்டையும் இடுப்பிலிருந்த நாள்காட்டித் தாளையும் ஒன்றாகச் சுருட்டிச் சாக்கடையோரம் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி பார்த்தால் அந்த ஆள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அடையாளம் போட்ட காகிதத்தை அவருடைய ஆபீஸிலும் வாங்க மாட்டார்கள் என்றார். கவுன்டருக்கு அந்தப் பக்கத்து மனிதர்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் அந்தப் பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அம்மா எழுந்து போய்ப் பரணிலிருந்து ஃபில்டரை இறக்கினாள். மறுநாள் காலை அப்பா முதல் டிகாக்‌ஷன் காபியை 'டி.எஸ்.ஆர்.' டம்ளரில் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பாடா" என்றார். அவரை அன்றுபோல் நான் எப்போதும் வெறுத்ததில்லை. நல்ல மனிதர்தான், போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அந்த "அப்பாடா"வை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த தீபாவளி போனஸில், வேறு கடையில், நானே ஒரு நான்கடுக்குக் கேரியர் வாங்கினேன். பட்டை கடையில் இருந்ததைவிடக் கனமானது. அம்மாவை அழைத்துப்போய் நிறுத்தி, இப்போது உன் பெயரைச் சொல் என்றேன். பெயர் வெட்டுகிறவர் உளியோடு காத்திருந்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டாள். "வாங்கினவா பேருதானே வெட்டணும். நீ சம்பாதிச்சது, உன் பேரையே வெட்டச் சொல்லு" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எட்டு மாதம் பிடிக்காத டீயைக் குடித்து அவள் சம்பாதித்தது வேறு. இது அவள் சம்பாதித்தது இல்லை. எனக்கு அது புரிய இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. அன்று பிடிவாதக்காரி என்று திட்டிவிட்டு, என் பெயரையே வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கேரியரில் எனக்குப் பதினைந்து வருஷம் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள்.

இப்போது அந்தப் பாத்திரக் கடை இல்லை. அந்த இடத்தில் மாடிமேல் மாடியாக ஒரு கட்டடம், வாசலில் குளிர்காற்று அடிக்கிறது. தேயிலைக் கம்பெனி இல்லை. படியில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர்கள் இல்லை, பாத்திரத்தில் யாரும் பெயர் வெட்டிக்கொள்வதும் இல்லை. பட்டையும் எங்கேயோ போயிருப்பார். அங்கேயும் வாசலில் உட்கார்ந்து யாரையாவது திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார், சந்தேகமில்லை. திட்டுவதற்கு அப்போது ஒரு முகமாவது இருந்தது. சிஸ்டத்தை எங்கே போய்த் திட்டுவது?

கண்ணாடி சீசா மட்டும், அதே கூப்பன்களோடு, என்னிடம் இருக்கிறது. அம்மா போன பிறகு அவள் ஞாபகமாக எடுத்துவந்து, என் வீட்டு ஜன்னலோரமும் அதே மாதிரி வைத்தேன், வெயில் படும்படி. போன வாரம் கடையிலிருந்து வந்த சூட்டோடு அதைத் திறந்து கூப்பன்களை மேஜைமேல் பரப்பினேன். பட்டைக்கு இன்னொரு தடவை மனதுக்குள் காட்டிவிட்டு, நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை. முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இருபத்துநாலும் வெயிலில் வெளுத்து, படு சுத்தமாக இருக்கின்றன. இனி அந்த மனிதர் மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அம்மா விரலால் வைத்த மஞ்சள் ஒரு மூலையில்கூட இல்லை.